பழைய கம்ப்யூட்டர் தையல் மிஷின்: "போர்டு போச்சு" என்று முடிவு கட்டும் முன்

[காட்சி: மேசை மேல் பழைய தையல் மிஷின். விரல் சுவிட்சைப் போடுகிறது.]

கேட்டீர்களா? "டர்ர்... டக்." இன்னொரு தடவை போடுகிறேன், காது கொடுத்துக் கேளுங்கள்.

இந்த வகை மிஷினுக்குள் மெயின் மோட்டார் போக, இரண்டு சின்ன ஸ்டெப்பர் மோட்டார்கள் (படிப்படியாக, அளந்து நகரும் மோட்டார்கள்) இருக்கும். ஒன்று ஊசியை இடமும் வலமும் நகர்த்தும். இன்னொன்று ஊசிக்குக் கீழே தகட்டில் உள்ள பற்கள் துணியை எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை மாற்றும். சுவிட்சைப் போட்டதும் இரண்டும் ஒரு ஓரம் வரை போய் முட்டி, தாம் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு திரும்பும். அந்தச் சத்தம்தான் இது.

ஜிக்ஜாக் விழவில்லை, நேர்த்தையல் மட்டும் வருகிறது என்றால், "போர்டு போச்சு", அதாவது உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் அட்டை கெட்டுவிட்டது என்று மிஷினையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. காரணம் வெறும் காய்ந்த கிரீஸாக இருக்கலாம். சிங்கரின் அதீனா 2000 என்ற எலக்ட்ரானிக் மிஷின் 1975-ல் வந்தது. அதற்கு முன் தையல் வகைகளைக் கேம் தட்டுகள் (விளிம்பு மேடுபள்ளமான சுழலும் தட்டுகள்) தீர்மானித்தன. அவற்றுக்கு மெயின் மோட்டாரின் பலம் இருந்தது. பிறகு வந்த கம்ப்யூட்டர் மிஷின்களில் அந்த வேலையைச் செய்யும் ஸ்டெப்பருக்கு அந்தப் பலம் கிடையாது. கிரீஸ் பிசினானால் முனகிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். போர்டோ ஊசியை நகர்த்தியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கும்!

திறப்பதற்கு முன் சின்ன விஷயங்களைப் பாருங்கள். புது ஊசி போடுங்கள். பாபின் சுற்றும் கம்பி வலப்பக்கம் தள்ளியிருந்தால் பல மிஷின்கள் தைக்காது. தகட்டைக் கழற்றி, பற்களுக்கு நடுவே அடைந்த பஞ்சைப் பிரஷ்ஷால் எடுங்கள்.

[காட்சி: சுவரிலிருந்து பிளக்கை உருவும் கை.]

சரி, இனி திறக்கலாம். பிளக்கை உருவிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பவர் போர்டிலுள்ள பெரிய கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அதன் இரு கால்களிலும் அளந்து, அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகே உள்ளே கை வையுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: மிக அருகில், ஊசித்தண்டும் அதைத் தாங்கும் சட்டமும்.]

ஊசியை மேலே தூக்கிவிட்டு, தண்டைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். லேசான படிப்படியான தடை இருந்தால் அது ஸ்டெப்பரின் இயல்பு. கல் மாதிரி நின்றால் கிரீஸ்தான். இதோ, இந்தப் பழுப்பு நிறப் பிசின் தெரிகிறதா? நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி உதிர்கிறது.

ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டுங்கள். பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் மேல் சூடு படவே கூடாது. உலோக மூட்டில் ஐசோபிரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு அசையுங்கள், துடையுங்கள், மறுபடியும் விடுங்கள். பலத்தைப் போட்டு நெம்பாதீர்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம், ஆகட்டும். தானாக வழுக்க ஆரம்பித்ததும், நன்றாகக் காயவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது மறுபடியும் பிசினாகும்.

ஸ்டெப்பர் சரியாக இருந்தும் தையல் தாறுமாறாக விழுகிறதா? மெயின் தண்டில் ஒளியை வைத்து ஊசியின் நிலையை அறியும் சென்சார் இருந்தால், அதன் இடுக்கில் பஞ்சு அடைத்திருக்கும். மென்மையான பிரஷ் போதும்.

அப்புறம், புகையும் நாற்றமும் வந்த மிஷின் என்றால் மின்சாரம் நுழையும் இடத்திலும் பெடலுக்குள்ளும் உள்ள கெப்பாசிட்டரைப் பாருங்கள். பழைய காகித வகை விரிசல் விட்டு ஈரம் இழுத்து வெடிக்கும். அதே மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு), குறையாத வோல்ட், பழையதற்குப் பொருந்தும் பாதுகாப்பு வகை ('எக்ஸ்2' போல) அச்சிட்டதை மட்டும் போடுங்கள். சால்டரிங் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

[காட்சி: மூடிய மிஷின். இரண்டு மடிப்புப் பருத்தித் துணி.]

மூடியாயிற்று. சுவிட்சைப் போடுகிறேன். "டர்ர்... டக்." முனகல் இல்லை. ஜிக்ஜாக், அகலம் ஐந்து. மெதுவாக மிதிக்கிறேன்... ஊசி இடம், வலம், இடம், வலம். பாருங்கள், ஓரம் வரை போகிறது.