சந்தேகங்களுக்கு விளக்கம்: அந்தத் தூணின் உச்சியில் இருப்பது என்ன பூ?

வணக்கம். இந்த வாரம் வந்த ஒரு கேள்வி மூன்று நாளாக என்னை விடவில்லை. “கிரேக்க, ரோமானியத் தூண்களின் தலையில் பூ வேலைப்பாடு இருக்கிறதே, அது என்ன பூ?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

பூவே இல்லை ஐயா, இலை! முன்பொரு முறை தூண்களைப் பற்றிப் பேசியபோதே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். நீங்கள் கேட்கும் வேலைப்பாடு கொரிந்தியத் தூண் என்ற வகையில் இருப்பது. அதில் நாம் பூ என்று நினைப்பதில் முக்கால்வாசி இலைதான். அகாந்தஸ் என்னும் முட்செடியின் இலை. கீழ் வரிசையில் எட்டு. அவற்றின் இடைவெளிகளிலிருந்து தலைநீட்டும் இன்னும் எட்டு. அதற்கும் மேலேதான் தண்டுகள் கிளம்பி மூலைகளில் சுருள்கின்றன. பூவும் உண்டு. உச்சியில் உள்ள பலகையின் ஒவ்வொரு பக்கத்து நடுவிலும் ஒன்றே ஒன்று, பொட்டு வைத்ததுபோல.

இந்தச் செடியின் உறவுக்காரன் நம் ஊரிலும் உண்டு. பிச்சாவரத்துக் கழிகளில் கழுதைமுள்ளி என்கிறோமே, அதுவும் அதே பேரினம்தான். படகில் போனபோது, “கையை உள்ளே வையுங்கள்” என்று படகோட்டி சொன்னார். நான் கேட்கவில்லை. கீறல் ஒரு வாரம் இருந்தது. ஊதாப் பூ அழகாகத்தான் இருந்தது. ஆனால் கிரேக்கச் சிற்பி அகாந்தஸின் பூவை விட்டுவிட்டு இலையைப் பிடித்துக்கொண்டான். ஏன்? நீங்கள் இதையல்லவா கேட்டிருக்க வேண்டும்!

கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் ஒரு கதை சொல்கிறார். கிரேக்கத்தின் கொரிந்து நகரில் கல்யாண வயதில் ஒரு பெண் இறந்துவிடுகிறாள். அவள் ஆசையாக வைத்திருந்த சின்னப் பொருள்களைச் செவிலி ஒரு கூடையில் போட்டு, மேலே ஒரு கூரை ஓடு வைத்து மூடி, கல்லறைமேல் வைத்துவிட்டுப் போகிறாள். கூடைக்கு அடியில் அகாந்தஸ் வேர். வசந்தத்தில் இலைகள் கூடையைச் சுற்றி ஏறி, ஓட்டின் மூலைகளில் முட்டி, வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்கின்றன. அவ்வழியே போன காலிமாக்கஸ் என்ற சிற்பி அதைப் பார்த்துத்தான் இந்தத் தூணைச் செதுக்கினாராம்.

நடந்த கதை என்று நான் நம்பவில்லை. 1893இல் அலோய்ஸ் ரீகல் என்ற கலை வரலாற்றாசிரியரும் இதை மறுத்தார். விசிறிபோல் விரியும் பழைய பனையோலை வடிவம்தான் சிற்பிகளின் கையில் மெல்ல மெல்ல அகாந்தஸாக மாறியது என்பது அவர் வாதம். அதையும் சிலர் ஏற்கவில்லை.

ஆனால் கதையில் வரும் அந்த ஓடு முக்கியம், கவனியுங்கள். உருண்டைக் கூடை, அதன்மேல் சதுர ஓடு. தூணும் அப்படித்தான். அடியில் வட்டம், உச்சியில் நான்கு மூலை. இதற்கு முந்தைய அயோனியம் என்ற தூண் வகையின் தலைக்கு முன்பக்கம் ஒரு முகம், பக்கவாட்டில் வேறு முகம். மூலைத் தூணுக்கு வரும்போது சிற்பி திண்டாடிப் போவான். கொரிந்தியத் தலைக்கு நான்கு பக்கமும் ஒரே முகம். வட்டத்திலிருந்து மூலைக்கு யாராவது ஏறி வளைய வேண்டும். அந்த வேலையை இலை செய்யும். பூவுக்கு அது வராது.

பூதான் வேண்டும் என்றால் ரோமுக்குப் போங்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், கி.மு. 9இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆரா பாசிஸ் என்ற அமைதிப் பீடம் இருக்கிறது. அதன் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கொடிகள். அங்கேயும் கிளம்புவது அகாந்தஸ் புதரிலிருந்துதான்! ஒரே கொடியில் வகைவகையாகப் பூக்கள், மேலே சிறகு விரித்த அன்னங்கள். படம் கிடைத்தால் பூக்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், இலைகளுக்கு அடியில் பாருங்கள். குருவிக்கூடு ஒன்றை நோக்கி ஒரு பாம்பு ஊர்ந்துகொண்டிருக்கும்.