43 சென்டிமீட்டர் தாளில் ஒரு நாடு

நேயர்களுக்கு வணக்கம்.

வேறொரு நாட்டைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால், தலைநகரம், கொடி, நாணயம், மக்கள்தொகை என்ற வரிசையில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறோம். குழந்தையும் ஒப்பித்துவிடுகிறது. ஆனால் அந்த நாட்டில் எங்கே மழை பெய்யும், மக்கள் ஏன் ஓரிடத்தில் நெருங்கியும் இன்னோரிடத்தில் அருகியும் வாழ்கிறார்கள் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்குப் பத்து நாடுகள் வேண்டாம், ஒன்று போதும். ஒரு விடுமுறை முழுவதும் அந்த ஒரு நாட்டோடு இருங்கள். இன்று எடுத்துக்காட்டாகத் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் சிலியை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் நாடு கிடைப்பது அரிது.

முடிந்தால் முதலில் ஒரு பூகோள உருண்டையில் சிலியைத் தேடச் சொல்லுங்கள். சுவரில் மாட்டும் உலகப்படங்கள் பல, துருவங்களை நெருங்கும் நிலங்களைப் பெரிதாக்கிக் காட்டும். அவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது. உருண்டையில் இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்து, கையில் தாளும் கத்தரிக்கோலும். சிலியின் நீளம் ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர். அகலம் சராசரியாக 180 கிலோமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்தால், 43 சென்டிமீட்டர் நீளமும் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலமும் உள்ள ஒரு பட்டை வேண்டும். சாதாரணத் தாள் நீளம் போதாது, இரண்டை ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டட்டும். அளவுத்திட்டம் என்றால் என்ன என்று தனியாக ஒரு பாடம் நடத்த வேண்டிய தேவையே அதன்பின் இருக்காது.

இப்போது பட்டையில் ஊர்களைக் குறிக்கலாம். வட முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் அரிக்கா. ஏறத்தாழ பதினெட்டில் தலைநகர் சாண்டியாகோ. இருபத்தைந்தில் வால்டிவியா. நாற்பதில் புன்டா அரேனாஸ். நான்கு புள்ளிகள் போதும். மழை அளவை அவற்றின் பக்கத்தில் எழுதும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. கடலோரம் இருக்கும் அரிக்காவில் ஆண்டு சராசரி மழை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதே கடலின் ஓரத்திலிருந்து சற்றே உள்ளே இருக்கும் வால்டிவியாவிலோ 2,000 மில்லிமீட்டர் அளவில் கொட்டுகிறது. கடல் பக்கத்தில் இருந்தால் மழை பெய்யும் என்றுதானே பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்? அந்த எண்ணம் இந்த இடத்தில் உடைய வேண்டும். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஓரிரு நாள் யோசிக்கட்டும்.

பிறகு இப்படி விளக்கலாம். சிலியின் வடகரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஹம்போல்ட் என்னும் குளிர் நீரோட்டம் ஓடுகிறது. அதன்மேல் இருக்கும் காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. காற்று மேலே எழுந்தால்தானே மழைமேகம் உருவாகும்? மேலிருந்து இறங்கும் உயர் அழுத்தக் காற்றும் அதை அமுக்குகிறது. கிழக்கே அமேசான் பக்கத்திலிருந்து வரும் ஈரத்தை ஆண்டிஸ் மலை தடுத்துவிடுகிறது. மூன்று பக்கமும் கதவடைத்த நிலம்தான் அட்டகாமா பாலைவனம். தெற்கே நிலைமை தலைகீழ்: மேற்கிலிருந்து வீசும் காற்று கடலின் ஈரத்தோடு வந்து மலையில் மோதுகிறது, மழை பெய்கிறது.

அட்டகாமாவை விட்டு அவசரமாக நகராதீர்கள். மழை இல்லாவிட்டாலும் கடலோரம் பனிமூட்டம் உண்டு. வலைகளை நிமிர்த்திக் கட்டி, அவற்றில் படியும் துளிகளைச் சேர்த்துக் குடிநீராக்கியிருக்கிறார்கள். வறண்ட, தெளிவான வானம் என்பதால் உலகின் பெரிய வானாய்வுக் கூடங்கள் அங்கே இருக்கின்றன. ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் 66 அலைவாங்கிகளுடன் ஆல்மா என்னும் வானொலித் தொலைநோக்கி நிற்பதும் அங்கேதான். உலகின் செம்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சிலியின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. வீட்டு மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு எங்கிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு முறை கேட்டுப்பாருங்கள்.

இதே பாலைவனத்தில் எல்லைகளையும் பேசலாம். 1879-இல் தொடங்கிய போரில் பொலிவியா தன் கடற்கரையைச் சிலியிடம் இழந்தது. இன்றும் பொலிவியா மார்ச் 23-ஆம் நாளைக் கடல் நாளாக நினைவுகூர்கிறது. கடற்கரை இல்லாத அந்த நாடு கடற்படையையும் வைத்திருக்கிறது. நாம் பென்சிலால் போடும் கோட்டுக்கு இருபுறமும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அந்தக் கோட்டை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். பெரியவர்கள் இதைத் தவிர்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நிலநடுக்கத்தைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது; அவற்றில் பசிபிக் கடலடியில் இருக்கும் நாஸ்கா தட்டு, தென் அமெரிக்கத் தட்டின் அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. ஆண்டிஸ் உயர்ந்ததும், எரிமலைகள் வரிசையாக நிற்பதும், 1960 மே 22 அன்று வால்டிவியா பகுதி குலுங்கியதும் அதனால்தான். 9.5 அளவிலான அந்த அதிர்வே கருவிகளில் பதிவானவற்றுள் மிகப்பெரியது. அதன் ஆழிப்பேரலை ஹவாயையும் ஜப்பானையும் தாக்கியது. அந்தத் தூரத்தை உருண்டையில் நூல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பயமுறுத்தும் குரல் வேண்டாம். அந்த மண்ணில் அதிர்வைத் தாங்கும் கட்டடங்களைக் கட்டக் கற்றுக்கொண்டு மக்கள் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பாலைவனமும் எரிமலையும் மட்டுமே சிலி என்று குழந்தை நினைத்துவிடவும் கூடாது. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் சாண்டியாகோ வட்டாரத்தில் வாழ்கிறார்கள். மழையும் வெயிலும் அளவாக உள்ள நடுப்பள்ளத்தாக்கு அது; திராட்சையும் செர்ரியும் விளையும் நிலம். அங்குள்ள பிள்ளைக்கு டிசம்பரில் கோடை விடுமுறை தொடங்கும், மார்ச்சில் பள்ளி திறக்கும். ஏன் என்று கேட்டால், பூமியின் சாய்வைப் பேசவேண்டி வரும். தெற்கே மாபுச்சே மக்கள் ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வாழ்கிறார்கள் என்பதும் இந்தப் பட்டையில் எழுதப்பட வேண்டும்.

கடைசியில் தேர்வு வைக்காதீர்கள். சாண்டியாகோவிலிருந்து புன்டா அரேனாசுக்குத் தரைவழியாக ஒரு பயணத்தைத் திட்டமிடச் சொல்லுங்கள். நிலவரைபடத்தில் விரலை வைத்துத் தெற்கே போகப் போக, நிலம் தீவுகளாகவும் கடல்நீர் புகுந்த பள்ளத்தாக்குகளாகவும் சிதறுவதைப் பிள்ளை பார்க்கும். சாலை நின்றுவிடும். ஒன்று கப்பல் ஏற வேண்டும், அல்லது அர்ஜென்டினாவுக்குள் புகுந்து சுற்றிவர வேண்டும். அதைப் பிள்ளையே கண்டுபிடிக்க விடுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு நார்வேயை எடுங்கள். அதுவும் ஒடுங்கிய நீண்ட நாடு, ஆனால் வட துருவத்தின் பக்கம். அங்கே கரையை ஒட்டி ஓடுவது வெப்ப நீரோட்டம்; ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயும் துறைமுகங்கள் குளிர்காலத்தில் உறையாமல் இருக்கின்றன. காரணத்தை இம்முறை குழந்தையே உங்களுக்குச் சொல்லக்கூடும்.

நன்றி, வணக்கம்.