பிங் போகிறது, ரூட் மட்டும் வரவில்லை: எக்ஸ்ஸ்டார்ட்டில் சிக்கிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப்

[திரையில்: இரண்டு டெர்மினல்கள், அருகருகே]

வணக்கம் நண்பர்களே. திரையில் இரண்டு லினக்ஸ் ரவுட்டர்கள் இருக்கின்றன. இரண்டிலும் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள் ஓடுகிறது. இரண்டும் ஒரே கேபிளில் நேரடியாக இணைந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு பிங் தடையின்றிப் போகிறது, ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்-இன் ஹலோ பாக்கெட்டுகளும் இருபுறமும் ஒழுங்காக வந்து சேர்கின்றன. ஆனாலும் ரூட்டிங் டேபிளில் எதிர்ப்பக்கத்து நெட்வொர்க் ஒன்றுகூட ஏறவில்லை.

[திரையில்: "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்", இரு ரவுட்டர்களிலும்]

முதல் ரவுட்டர் தன் நெய்பரை, அதாவது எதிர்ப்பக்க ரவுட்டரை, எக்ஸ்சேஞ்ச் நிலையில் காட்டுகிறது. இரண்டாவது ரவுட்டரோ எக்ஸ்ஸ்டார்ட் என்கிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இரண்டும் ஃபுல் நிலைக்கு, அதாவது பரிமாற்றம் முழுதும் முடிந்த நிலைக்கு, வரப்போவதில்லை. வீடியோவை இங்கே நிறுத்தி, காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்து, உங்கள் ஊகத்தைக் கமெண்ட்டில் எழுதிவிட்டுத் தொடருங்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் குனிஹிரோ இஷிகுரோ தொடங்கிய ஸீப்ரா, அதிலிருந்து பிரிந்த குவாகா, அதிலிருந்து 2017-இல் பிரிந்த எஃப்ஆர்ஆர் என்பதே இந்த மென்பொருளின் வம்சாவளி. புதிதாக நிறுவியவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: ஓஎஸ்பிஎஃப் கட்டளைகளே வேலை செய்யவில்லை என்றால், டீமன்ஸ் என்ற கோப்பில் ஓஎஸ்பிஎஃப்டி என்ற வரி "நோ" என்றே இருக்கும், அதை "யெஸ்" என்று மாற்றி, சேவையை மறுபடி தொடங்குங்கள்.

இனி நம் சிக்கலுக்கு வருவோம். ஓஎஸ்பிஎஃப் வரவில்லை என்றதும் பலரும் ஏரியா எண்ணை மாற்றிப் பார்க்கிறார்கள், டைமரை மாற்றுகிறார்கள், கடவுச்சொல்லைத் திரும்ப அடிக்கிறார்கள். எக்ஸ்ஸ்டார்ட் என்று திரையில் கண்ட பிறகு இவற்றில் எதையும் தொடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். ஏரியா எண், 10 விநாடி ஹலோ, 40 விநாடி டெட் டைமர், சப்நெட் மாஸ்க், அங்கீகாரம் ஆகிய எல்லாம் ஹலோ கட்டத்திலேயே சரிபார்க்கப்பட்டுவிடுகின்றன. அவற்றில் ஒன்று பொருந்தாமல் இருந்திருந்தால் இந்த நிலை வரைக்கும் வந்திருக்கவே முடியாது. நெய்பரின் நிலையைக் காட்டும் அந்த ஒற்றைச் சொல், எதையெல்லாம் தேட வேண்டாம் என்பதையும் நமக்குச் சொல்லிவிடுகிறது.

எக்ஸ்ஸ்டார்ட்டில் நடப்பது இதுதான். நெட்வொர்க் விவரங்கள் அடங்கிய டேட்டாபேஸின் பரிமாற்றத்தை யார் நடத்துவது என்று இரு ரவுட்டர்களும் முடிவு செய்கின்றன. ரவுட்டர் ஐடி பெரிதாக உள்ளவர் மாஸ்டர். இதற்காக அனுப்பப்படும் முதல் டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன் பாக்கெட் காலியானது: ஐபி தலைப்பு 20 பைட், ஓஎஸ்பிஎஃப் தலைப்பு 24 பைட், அதன் சொந்த விவரம் 8 பைட், ஆக 52 பைட். எந்தக் கேபிளிலும் எந்தத் தடையுமின்றிப் போய்விடக்கூடிய அளவு இது. அப்படியும் நம் இரண்டாவது ரவுட்டர் அந்த 52 பைட் பாக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு நிராகரிக்கிறது.

[திரையில்: பாக்கெட் பிரித்துக் காட்டப்படுகிறது, ஒரு புலம் மட்டும் மஞ்சளில்]

மஞ்சளில் தெரிவது இன்டர்ஃபேஸ் எம்டியூ, அதாவது அந்த இன்டர்ஃபேஸில் ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச பைட் அளவு, என்ற புலம். முதல் ரவுட்டர் அதில் 9000 என்று எழுதி அனுப்பியிருக்கிறது. இரண்டாவது ரவுட்டரின் எம்டியூ 1500. தான் வாங்கக்கூடிய அளவைவிடப் பெரிய எண் அந்தப் புலத்தில் இருந்தால் பாக்கெட்டைத் தள்ளிவிட வேண்டும் என்பது ஓஎஸ்பிஎஃப்-இன் தர ஆவணமான ஆர்எஃப்சி 2328-இல் உள்ள விதி. தாழ்வான ரயில்வே பாலத்தின் முன்னால் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து, "பின்னால் வைக்கோல் லாரி வருகிறது, அதன் உயரம் இவ்வளவு" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் தாராளமாக நுழையும். ஆனால் லாரி நுழையாது என்பது தெரிந்துவிட்டதால் பாலத்துக் காவலர் ஸ்கூட்டரையே திருப்பி அனுப்புகிறார். லாரி பாலத்தடியில் வந்து சிக்கி, போக்குவரத்தே நின்றுபோன பிறகு வருந்துவதைவிட இது எவ்வளவோ மேல். 1994-இல் வந்த பழைய ஆவணமான ஆர்எஃப்சி 1583-இல் இந்தச் சோதனை கிடையாது. 1997-இல்தான் அது சேர்க்கப்பட்டது. ஒரு நெறிமுறை, வரப்போகும் விபத்தை முன்கூட்டியே சொல்லி நிறுத்துவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இரு பக்கமும் வெவ்வேறு நிலை தெரிவதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. இரண்டாவது ரவுட்டரின் ஐடி 2.2.2.2, முதலாவதன் ஐடி 1.1.1.1. இரண்டாவது அனுப்பிய பாக்கெட்டில் 1500 என்றிருப்பதால் முதலாவது மறுப்பின்றி அதை ஏற்று, அதையே மாஸ்டராக ஒப்புக்கொண்டு, எக்ஸ்சேஞ்ச் நிலைக்குப் போய்விடுகிறது. அது திருப்பி அனுப்பும் பதிலில் 9000 என்றிருப்பதால் இரண்டாவது அதைத் தள்ளிவிட்டு, 5 விநாடிக்கு ஒருமுறை தன் பாக்கெட்டையே மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஐடிகள் மாறியிருந்தால் இரு பக்கமும் எக்ஸ்ஸ்டார்ட் என்றே தெரியும். எம்டியூ குறைவான பக்கம் மட்டும் எப்போதும் எக்ஸ்ஸ்டார்ட்தான்.

[திரையில்: இரண்டாவது ரவுட்டரின் லாக்]

நெய்பரின் எம்டியூ 9000, இந்த இன்டர்ஃபேஸின் எம்டியூவான 1500-ஐவிடப் பெரிது என்று எம்டியூ குறைவான ரவுட்டரின் லாக்கில் எச்சரிக்கையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரி இல்லையென்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். ஹலோ 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது. டேட்டாபேஸ் பாக்கெட்டோ நெய்பரின் முகவரிக்கே நேரடியாகப் போகிறது. மல்டிகாஸ்ட்டை மட்டும் அனுமதித்து, ஓஎஸ்பிஎஃப்-இன் எண்ணான ஐபி புரோட்டோகால் 89-ஐ மற்ற முகவரிகளுக்கு அனுமதிக்க மறந்துவிட்ட ஃபயர்வால் விதியும் இதே அறிகுறியைத்தான் தரும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் பகுதிக்கு வருகிறேன். இணையத்தில் தேடினால் "ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியூ-இக்னோர்" என்ற கட்டளையை இன்டர்ஃபேஸில் போட்டால் போதும் என்று பதில் கிடைக்கும். போட்டதும் இரு பக்கமும் ஃபுல் ஆகிவிடும், ரூட்டுகளும் வந்துவிடும், சிக்கல் தீர்ந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன் பாக்கெட்டில் ஒவ்வொரு எல்எஸ்ஏ-வின், அதாவது டேட்டாபேஸில் உள்ள ஒவ்வொரு பதிவின், தலைப்பும் 20 பைட். 52 பைட் போக 1500-க்குள் 72 தலைப்புகள் அடங்கும். நெட்வொர்க் சிறியதாக இருக்கும்வரை பாக்கெட் 1500-ஐத் தாண்டாது, எல்லாம் ஓடும். டேட்டாபேஸ் அந்த அளவைக் கடந்த பிறகு, 9000 வைத்திருக்கும் ரவுட்டர் பெரிய பாக்கெட்டாகவே நிரப்பி அனுப்பும். எதிர்ப்பக்கம் அது சேராது. இதில் கொடுமை என்னவென்றால், ஏற்கெனவே ஃபுல் ஆன இணைப்பில் இந்தப் பரிமாற்றம் மறுபடி நடப்பதில்லை. மாதக்கணக்கில் நன்றாக ஓடிய இணைப்பு, ஒரு நள்ளிரவில் ரவுட்டரை ரீபூட் செய்த பிறகு எழவே எழாது. அன்று கட்டமைப்பில் யாரும் எதையும் மாற்றியிருக்கவும் மாட்டார்கள்.

சரியான வழி, இரு பக்கமும் எம்டியூவை ஒன்றாக வைப்பதுதான். எஃப்ஆர்ஆர் இந்த எண்ணை லினக்ஸ் கர்னலிடமிருந்து பெறுகிறது. ஆகவே இயங்குதளத்தின் நெட்வொர்க் அமைப்பில் மாற்றுங்கள். "ஐபி லிங்க் செட்" கட்டளையில் மாற்றுவது ரீபூட் வரைக்கும்தான் நிற்கும் என்பதால், நிரந்தர அமைப்புக் கோப்பிலும் எழுதிவிடுங்கள்.

[திரையில்: துண்டாக்கத் தடையுடன் பிங், அளவு 8972]

இரண்டு ரவுட்டர்களுக்கும் நடுவே சுவிட்ச் இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம். இரு ரவுட்டர்களும் 9000 என்று ஒத்துக்கொண்டாலும் நடுவிலுள்ள சுவிட்ச் 1500-இல் நின்றுவிட்டால், ஓஎஸ்பிஎஃப் செய்யும் ஒப்பீட்டில் அது தெரியாது. சாதாரண பிங் 84 பைட் மட்டுமே என்பதால் அதிலும் தெரியாது. 8972-உடன் ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்தால் 9000 ஆகும். "மெசேஜ் டூ லாங்" என்று உடனே வந்தால் உங்கள் ரவுட்டரின் எம்டியூவே குறைவு; பதிலே இல்லாமல் மௌனமாக இருந்தால் நடுவிலோ எதிர்ப்பக்கமோ பாக்கெட் விழுகிறது.

பதில் வந்துவிட்டதா? இப்போது பராமரிப்பு நேரத்தில் அந்த இன்டர்ஃபேஸை ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள். பரிமாற்றம் தொடக்கத்திலிருந்து நடந்து, இரு பக்கமும் ஃபுல் என்று வர வேண்டும். வரவில்லை என்றால், முகவரிகளை மறைத்துவிட்டு உங்கள் லாக் வரியைக் கமெண்ட்டில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.