இரண்டு பெட்டி நிறையப் படங்கள்

(ஓவிய ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

மனசில் கிடப்பதைக் குழந்தைகள் படமாகக் கொட்டிவிடுவார்கள் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். சரி, கொட்ட விடுகிறோமா? "படம் வரையுங்கள்" என்றதும் எந்த ஊர்ப் பிள்ளையும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே குடிசை, பக்கத்தில் தென்னைமரம் என்று போட்டுவிடும். அது கரும்பலகையில் நாம் போட்டுக் காட்டிய படம். பிள்ளைக்கு அதில் பங்கே இல்லை.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியரை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1898இல் வியன்னாவில் பிறந்தவர். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். யூதர் என்பதற்காக 1942 டிசம்பரில் ஹிட்லரின் நாஜிகள் அவரைக் கணவரோடு, இன்றைய செக் நாட்டில் இருக்கும் தெரேசின் என்ற ஊரின் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான் எடுத்துப்போகலாம். கடுங்குளிர் காலம். யாராக இருந்தாலும் கம்பளியும் ரொட்டியும்தானே எடுத்து வைப்போம்? அவரோ காகிதத்தையும் வண்ணங்களையும் அடுக்கிக்கொண்டு போனார்.

அங்கே பெற்றோரைப் பிரிந்து கூடங்களில் நெருக்கியடித்துக் கிடந்த பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். காகிதம் தீர்ந்ததும் அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் வரைய வைத்தார். கிழிசல் தாள்களை வெட்டி ஒட்ட வைத்தார். சில பிள்ளைகள் மூன்றடுக்குக் கட்டில்களையும் சாப்பாட்டு வரிசையையும் வரைந்தார்கள். நிறையப் பேர் வரைந்தது விட்டுவந்த வீடு, பூ, பட்டாம்பூச்சி. இரண்டையும் அவர் ஒரேபோலத்தான் ஏற்றுக்கொண்டார். எல்லோரையும் ஓவியராக்குவது அவருடைய நோக்கமே இல்லை. பெரியவர்கள் தங்கள் ரசனையைப் பிள்ளைகள் மேல் அவசரமாகத் திணிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டார்: படத்தில் உன் பெயரை எழுது. முகாமின் கணக்கில் ஆளுக்கொரு எண். காகிதத்தில் மட்டும் அந்தப் பிள்ளைக்குப் பெயர் இருந்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் என்ற கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவரிடம் வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. ஏறத்தாழ 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. போர் முடிந்ததும் அவை பிராக் நகரம் போய்ச் சேர்ந்தன. இன்று அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

முகாமுக்குப் போவதற்கு முன்பு அவரிடம் பயின்ற ஈடித் கிராமர், பிற்பாடு அமெரிக்காவில் ஓவியத்தை மனநலச் சிகிச்சையாக வளர்த்தவர்களில் முன்னோடி ஆனார். ஆக, இன்று மருத்துவமனைகளில் குழந்தைகள் கையில் தூரிகை கொடுப்பதற்கும் அந்த ஆசிரியைக்கும் நேரான தொடர்பு உண்டு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளையிலாவது கரும்பலகையில் மாதிரிப் படம் போட்டுக் காட்டாதீர்கள். பிள்ளை வானத்துக்குக் கறுப்பு அடித்தால் "வானம் நீலம்ல?" என்று திருத்தாதீர்கள். மதிப்பெண் வேண்டாம். ஏன் கறுப்பு என்று அங்கேயே துருவவும் வேண்டாம். அது தானாகச் சொல்ல வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம், அந்தப் படங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள்.