மே மாதத்தை மட்டும் நம்பலாமா?

வணக்கம் நேயர்களே. கொடைக்கானலில் ஹோம்ஸ்டே, காட்டேஜ் வைத்திருப்பவர்களிடம் தொழில் எப்படி என்று கேட்டால் மே மாதக் கணக்கைத்தான் சொல்வார்கள். ரூம் எல்லாம் ஃபுல், பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சி நேரத்தில் போனை எடுத்து மாளவில்லை என்பார்கள். சரி, நவம்பரில்? பேச்சே இருக்காது.

ஒரு ரூமை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நவம்பரில் 30 இரவு. வெள்ளி, சனி மட்டும் ஆள் வருகிறது, 8 இரவு, வாடகை 1,800 என்று வைத்துக்கொள்வோம். வரவு 14,400. காலியாகக் கிடந்த இரவுகளையும் சேர்த்து 30ஆல் வகுத்தால் இரவுக்கு 480 ரூபாய்தான், 1,800 அல்ல! இப்போது வார நாளில் மட்டும் 1,200க்கு இறக்கி இன்னும் 7 இரவு நிரப்புங்கள். பாதி மாதம் நிறைந்துவிட்டது, வரவு 22,800, இரவுக்கு 760. அந்த 7 இரவுக்கும் சலவை, கெய்சர் கரண்ட், காலை இட்லி என்று தலா 400 போனாலும் 5,600 கையில் நிற்கும். ரேட்டை இறக்கினால் மரியாதை போய்விடும் என்பவர்களுக்கு என்ன சொல்வது, பூட்டிய ரூமுக்கும் வாட்ச்மேன் சம்பளம் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

சீசனிலும் இனி கூட்டம் நம் இஷ்டத்துக்கு வராது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, மலைக்கு வரும் வண்டிகளுக்கு முன்பே ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு ஒரு நாளைக்கு, வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆகவே கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி எந்த பஸ் பிடிக்கலாம் என்பதை புக்கிங் ஆனதுமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். (கூட்டம் சேர்க்கும் குறிஞ்சிப் பூ பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான், 2018இல் பூத்தது, அடுத்து 2030இல்தான், அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.)

வார நாளில் வருபவர்கள் வேறு ரகம். லேப்டாப்போடு வருபவருக்கு ஏரி தெரியும் ஜன்னலைவிட, கரண்ட் போனாலும் நிற்காத வைஃபை முக்கியம். ரிட்டையர் ஆனவர்களுக்குக் காய்ந்த கம்பளி வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கம்பளி இரண்டு நாள் உள்ளே கிடந்தாலே ஈர வாடை அடிக்கும், அதைத்தான் ரிவ்யூவில் முதல் வரியில் எழுதுவார்கள், அடுத்த மே மாதம் ரூம் தேடுபவரும் அதைப் படிப்பார். அப்புறம், ரேட்டைக் குறைக்கும்போது குறைந்தது 2 இரவு தங்க வேண்டும் என்று போட்டுவிடுங்கள், அந்த மழையில் தினம் ஒரு பெட்ஷீட் துவைத்தால் எங்கே போய்க் காயப்போடுவீர்கள்?