ஊர் மாறி வந்த புள்ளைக்கு முதல்ல ஒரு கூட்டாளி வேணும்

(திருப்பூர்ல ஒரு பெற்றோர் கூட்டத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கங்க. நேரா விஷயத்துக்கே வந்துடறேன்.

2025 ஆகஸ்ட் 27ல இந்தியாவுல இருந்து போற சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கினதுக்கப்புறம் நம்ம ஊர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், ஒன்றரை ஷிப்ட் பாத்தவங்களுக்கு ஒரு ஷிப்ட் கிடைக்கறதே பெருசுன்னு ஆயிடுச்சு, பீஸ் ரேட் டெய்லருக்கு வேலையில்லாத நாள்னா சம்பளமும் இல்ல. வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சாங்க, அதுவும் தீந்ததும் பெருமாநல்லூர் பக்கம் கம்மி வாடகைக்கு லைன் வீடு பாத்துப் போனாங்க, சில பேர் தேனி, திண்டுக்கல்னு சொந்த ஊருக்கே பஸ் ஏறிட்டாங்க. ஆர்டர் போனத எல்லாரும் பேசறோம். டெம்போல பீரோவுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவுல ஒடுங்கி உக்காந்து வந்த புள்ளைக்கு என்ன போச்சுன்னு யாராச்சும் கேட்டோமா? அது கூட்டாளிங்க அத்தனை பேரும் ஒரே நாள்ல போயிட்டாங்க!

எங்க லைன்ல சாயங்காலம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தரேன். அங்க அஞ்சாவது படிக்கிற ஒரு பாப்பா வந்துச்சு, முன்னாடி பிரைவேட் ஸ்கூலு, இப்ப கவர்மென்ட் ஸ்கூலு. வந்தவுடனே பெரியவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், "ஏம்மா அந்த ஸ்கூல விட்டுட்டீங்க?" அது உடனே சொல்லுச்சு, "எங்க வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கறாங்க, முடிஞ்சதும் போயிடுவோம்." பத்து வயசுப் புள்ள அப்பாவோட கடனை மறைக்கப் பாக்குதுங்க. தயவுசெஞ்சு அந்தக் கேள்வியக் கேக்காதீங்க.

ரொம்ப நாள் திண்ணையிலயே ஒட்டி உக்காந்திருந்துச்சு. நானும் "எல்லாரும் ஃப்ரெண்டா இருங்க"ன்னு சொல்லிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் புள்ள பனியன் வேஸ்ட்டை நீளமாப் பின்னி கயிறு பண்ணி வச்சிருந்துச்சு, ஒரு முனைய ஜன்னல் கம்பில கட்டியாச்சு, இன்னொரு முனையப் புடிச்சுச் சுத்த ஆளில்ல, "ஏய், இதப் புடி"ன்னுச்சு. அவ்ளோதான், பேரு கூடக் கேக்கல. இருட்டுற வரைக்கும் அந்த ரெண்டும் மாத்தி மாத்திக் குதிச்சுச்சுங்க. புதுப் புள்ளைகிட்ட பரிதாபப்பட்டா அது இன்னும் சுருங்கும், அது இல்லாம ஆட்டம் நடக்காதுன்னு ஒரு எடம் குடுத்தா தானா எழுந்து வரும்.

டீச்சருங்க கிட்ட கேக்கறேன். புதுசா வந்த புள்ளைய கடைசி பெஞ்சுல காலியா இருக்கற எடத்துல போட்டுடாதீங்க. சுண்ணாம்புக்கட்டி எடுத்துட்டு வரவோ நோட்டு அடுக்கவோ இன்னொரு புள்ளையோட சேத்து அனுப்புங்க. காலை உணவுத் திட்டத்துல உப்புமாவோ கிச்சடியோ போடறப்ப அது யார் பக்கத்துல உக்காருதுன்னு ஒரு கண்ணு வைங்க, தனியா உக்காந்து சாப்புடற புள்ள அப்பவே தெரிஞ்சிடும்.

அப்புறம் ஃபீஸ் பாக்கின்னு பழைய ஸ்கூல்ல டிசி தரலன்னு புள்ளைய வீட்லயே வச்சிருக்கறவங்க இங்கயே இருப்பீங்க. கல்வி உரிமைச் சட்டம் 2010லயே அமலுக்கு வந்துடுச்சு, எட்டாவது வரைக்கும் டிசி லேட்டாகுதுன்னு கவர்மென்ட் ஸ்கூல்ல அட்மிஷன் மறுக்கக் கூடாது. நாளைக்கே கூட்டிட்டு வாங்க, வீட்ல உக்காந்திருக்கற ஒவ்வொரு நாளும் அங்க ஆட்டத்துல செட்டு சேந்துட்டே இருக்கு.

அம்மாக்களே, பழைய வீட்டுக் கூட்டாளி அம்மாவோட நம்பர் உங்ககிட்ட இருக்கும்ல? வாடகை பாக்கி வச்சிட்டு வந்தோம்னு கூச்சப்பட்டு அந்த நம்பர அழிச்சிடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு போன் போட்டு புள்ள கையில குடுத்துட்டு நீங்க உள்ள போயிடுங்க, அதுங்க பேசட்டும்.