ஆட்டம் இல்லாத கீல்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் மூக்குக்கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று ஒரு எண் இருக்கிறதா? இருந்தால், உங்கள் லென்ஸ் ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் வளைந்திருக்கும். அப்படி ஒரு வளைவைச் சுழலவிட்டுக் கடைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை உள்ளே போய் இரண்டு முறை வெளியே வரவேண்டும். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 40 தடவை! உளியை அப்படி வேகமாக முன்னும் பின்னும் நகர்த்தும் கருவியைச் செய்வதுதான் எங்கள் வேலை.

பத்தொன்பது வயதில் கோவை பீளமேட்டில் ஒரு பட்டறையில் லேத், அதாவது கடைசல் இயந்திரம், பழகினேன். கைப்பிடியைத் தேவைக்கு மேல் சுற்றிவிட்டு, கொஞ்சம் பின்னால் திருப்பினேன். கைப்பிடியில் இருக்கும் எண் மாறியது, உளி அசையவே இல்லை. மூத்த டர்னர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "தம்பி, திருகுக்கும் நட்டுக்கும் நடுவுல ஆட்டம் இருக்கும். நல்லா பின்னால வந்துட்டு, மறுபடி முன்னால ஏத்து" என்றார். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அணுகு. அன்றைக்குக் கற்ற அந்தப் பாடத்தைத்தான் இருபது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால், நொடிக்கு இத்தனை முறை முன்னும் பின்னும் போகும் உளிக்கு 'ஒரே பக்கம்' என்பதே கிடையாது. ஆட்டமே இருக்கக் கூடாது.

கதவுக் கீலைப் பாருங்கள். ஆணியும் ஓட்டையும் தேய்ந்து ஆடும். தேங்காய் எண்ணெய் பாட்டிலின் மடக்கு மூடியைப் பாருங்கள். அங்கே ஆணி இல்லை, மெல்லிய பிளாஸ்டிக்கே வளைகிறது. உரசல் இல்லை, ஆட்டமும் இல்லை. நாங்கள் செய்வதும் அதுதான். ஒரே உலோகக் கட்டியில், மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு உலோகத்தை அறுக்கும் ஒயர்கட் இயந்திரத்தால் மெல்லிய கழுத்துகளை வெட்டி, நடுவில் வைர உளியைப் பொருத்துகிறோம். மறுபடி சொல்கிறேன்: அங்கே எதுவும் நழுவுவதில்லை, வளைகிறது.

சரி, தள்ளுவது யார்? தூரம் மில்லிமீட்டர் கணக்கில் என்றால் காந்தமும் கம்பிச்சுருளும். இப்போது என் குரலைத் தரும் ஸ்பீக்கருக்குள் இருப்பதும் அதே ஜோடிதான். மைக்ரான் கணக்கில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் என்றால் பீசோ பீங்கான். உங்கள் அடுப்பு லைட்டரில் அழுத்தினால் பொறி வருகிறதே, அதன் தலைகீழ்: மின்சாரம் கொடுத்தால் அது நீளும். 20 மில்லிமீட்டர் அடுக்கு சுமார் 20 மைக்ரான்தான் நீளும், ஆனால் மின்னல் வேகத்தில்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதே மின்னழுத்தத்தில், ஏறும்போது நின்ற இடத்தில் இறங்கும்போது பீசோ நிற்காது. அதனால் உளிக்குப் பின்னால் ஓர் உணரி வைத்து, ஒவ்வொரு கணமும் இடத்தை அளந்து திருத்துகிறோம். வணக்கம்.